மான் யாரிடம் சொல்கிறது?

காட்டுக்குச் சென்று புலியைக் கண்டு வந்தவர்கள் நாலைந்து பேரிடம் விவரம் கேட்டுப் பார்த்தால், அவர்கள் சொல்வதில் ஓர் அம்சம் மாறாமல் வருவதைக் கவனிக்கலாம். இருள் பிரியுமுன் வனத்துறையின் வாயிலில் வரிசையில் நின்று, சூரியோதயத்தோடு உள்ளே விடப்பட்டு, கூரையில்லாத ஜிப்சி வண்டியில் போர்வைக்குள் ஒடுங்கியபடி வெகுநேரம் சுற்றியும் மானையும் மயிலையும் தவிர வேறொன்றையும் காணாமல் மனம் சோர்ந்திருக்கும் சமயத்தில், வழிகாட்டி திடீரென்று கையை உயர்த்துகிறார்; ஓட்டுநர் எஞ்சினை நிறுத்துகிறார்; தூரத்தில் எங்கோ ஒரு மான் கூவுகிறது; வழிகாட்டி சிறிது நேரம் காது கொடுத்திருந்துவிட்டு, வந்த வழியே வண்டியைத் திருப்பச் சொல்லி, சாலையில் ஓடை குறுக்கிடும் ஓரிடத்தில் நிறுத்தச் செய்கிறார்; கால் மணி நேரத்துக்கெல்லாம் புலி அதே இடத்தில் புதரை விலக்கிக்கொண்டு வெளிப்பட்டு, வண்டிகளைப் பொருட்படுத்தாமல் சாலையைக் கடந்து போகிறது. கண்ணுக்குப் புலப்படாதிருந்த புலி இன்ன இடத்தில்தான் வெளிப்படும் என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வி, பார்த்தவருக்கு ஊர் திரும்பிய பிறகும் மனத்தில் இருந்துகொண்டே இருக்கும்.

இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி அடங்கியிருக்கிறது. புலியைக் கண்ட மான் எதற்காக வாயைத் திறக்க வேண்டும்? ஓசைப்படாமல் நழுவிவிடுவதல்லவா உயிருக்கு க்ஷேமம்? தான் நிற்கும் இடத்தைத் தானே ஊருக்கெல்லாம் அறிவித்துக்கொள்ளும் பிராணி, இத்தனை தலைமுறைகளாகப் புலியின் பக்கத்திலேயே வாழ்ந்து, அழியாமல் பெருகியிருப்பது எப்படி? இரண்டாவது கேள்விக்கு விடை காண்போமானால் முதற் கேள்வியின் விடை பெரும்பாலும் தானே கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

இவ்விரண்டையும் ஆராய்வதற்கு மத்தியப் பிரதேசத்திலுள்ள கானா வனத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. மண்ட்லா, பாலாகாட் என்னும் இரு மாவட்டங்களிலும் பரந்து, மைக்கல் மலைத்தொடரில் சால் மரங்களும் மூங்கிற் புதர்களும் இடையிடையே அகன்ற புல்வெளிகளுமாக விளங்கும் இந்த வனம், 1955-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1973-ல் புலிகளைக் காக்கும் திட்டம் தொடங்கப்பட்டபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது காப்பகங்களுள் இதுவும் ஒன்று. அதற்கும் முன்பே, 1963-ன் இறுதியில் இங்கு வந்து 1965 வரையில் தங்கியிருந்து, மானும் புலியும் பரஸ்பரம் எவ்வாறு வாழ்க்கை நடத்துகின்றன என்பதை விஞ்ஞான முறைப்படி முதன்முதலாக நுணுகிப் பார்த்து எழுதியவர் ஜார்ஜ் ஷாலர். 1967-ல் வெளிவந்த அவருடைய நூல், காட்டில் நடப்பதை வேட்டைக்காரர்களின் வாய்மொழியாகவே கேட்டுவந்த உலகத்துக்குப் புதிய கண்களைக் கொடுத்தது.

விடியற்காலையின் அனுகூலங்கள்

புலி வெயிலை விரும்பாத பிராணி. இரவிலும், அந்தி சந்திகளிலும் நடமாடிவிட்டு, வெயில் ஏறியதும் மூங்கில் நிழலிலோ நீரோரத்திலோ படுத்துவிடுவது அதன் சுபாவம். ஆதலால் சூரியோதயத்தை ஒட்டிய இரண்டொரு மணி நேரம், அது எல்லையைச் சுற்றி முடித்து இளைப்பாற இடம் தேடிக்கொண்டிருக்கும் வேளையாகப் பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. மான்களும் இரவின் அச்சம் தீர்ந்து புல்வெளியில் மேய்ந்துகொண்டிருக்கும் வேளை அது. இவ்வளவும் எல்லோரும் அறிந்ததே.

அதிகம் பேர் எண்ணிப் பாராத காரணங்கள் இரண்டு உண்டு. முதலாவது, சாலையின் புழுதி. உதிர்ந்த சால் இலை உலர்ந்து கிடக்கும் காட்டுத் தரையில் எவ்வளவு மெத்தென்ற பாதமும் ஓசை எழுப்பாமல் இருக்க முடியாது. வண்டிகள் ஓடி ஓடிப் பொடியாகிப்போன மண்சாலையிலோ புலி நடந்தால் அதன் காதுக்கே கேளாது. எனவே தொலைதூரம் போக வேண்டிய புலி மனிதன் போட்ட சாலையையே தன் ராஜபாட்டையாகக் கொள்கிறது. இரவு முழுவதும் நடந்த சமாசாரம் காலையில் அந்தப் புழுதியில் எழுதிக் கிடக்கிறது. அதை வழிகாட்டிகள் படிக்கும் நேர்த்தியை அருகிலிருந்து பார்த்தால்தான் விளங்கும். நேற்று மாலை கடைசியாகப் போன வண்டியின் சக்கரத் தடத்தின் மேல் புலியின் சுவடு பதிந்திருந்தால் அது இரவில் நடந்தது என்று கொள்ளலாம். பின்னிரவில் மரங்களிலிருந்து பனிநீர் சொட்டிச் சொட்டிப் புழுதியெல்லாம் அம்மைத் தழும்பு போலச் சிறு சிறு குழிகளாகியிருக்கும். அந்தக் குழிகள் சுவட்டுக்குள்ளும் காணப்பட்டால் புலி போய் வெகுநேரமாயிற்று. சுவடு அந்தக் குழிகளை நசுக்கிக்கொண்டு, விளிம்பு உதிராமல், வழவழப்பாகப் பதிந்திருந்தால், அது போய்ச் சற்று நேரந்தான் ஆகியிருக்க வேண்டும். ஆயினும் சுவடு புலி போன திசையைத்தான் சொல்லும். இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்லாது.

இரண்டாவது காரணம் காற்றைப் பற்றியது. நடுப்பகலில் தரை சுட்டு, தரையை ஒட்டிய காற்று சூடேறி, மேலே போகப் போகக் குளிர்ச்சியாக இருக்கும். ஒலி, சூடான காற்றில் வேகமாகவும் குளிர்ந்த காற்றில் சற்று மெதுவாகவும் செல்லும் இயல்புடையதாதலால், பகலில் எழும் குரல் போகப் போக மேல்நோக்கி வளைந்து ஆகாயத்தில் கலந்துவிடுகிறது. விடியற்காலையில் நிலைமை நேர்மாறு. கானாவின் தாழ்ந்த புல்வெளிகளில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி படியும் அளவுக்குத் தரை குளிர்ந்திருக்க, அதற்கு மேலுள்ள காற்று ஒப்புநோக்க வெதுவெதுப்பாக இருக்கிறது. தலைகீழ் வெப்பநிலை என்று இதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம். அப்போது எழும் குரல் மேலே தப்பிப் போகாமல் கீழ்நோக்கி வளைந்து, நிலத்தை ஒட்டியே நெடுந்தூரம் செல்லுகிறது. காற்றும் அந்நேரத்தில் அடங்கியிருப்பதால் இலைகளின் சலசலப்பு இல்லை. பகல் பன்னிரண்டு மணிக்குக் கேட்க வழியில்லாத தூரத்திலுள்ள கடமானின் குரல், காலை ஆறரை மணிக்குப் பக்கத்தில் கேட்பது போல் காதில் விழும். புலி தேடும் தொழில் காதினால் நடப்பதாகையால், இந்த அனுகூலம் சிறிதன்று.

ஒரே காடு, வெவ்வேறு கண்கள்

புலியைச் சித்திரத்தில் பார்த்த குழந்தைகூடக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: பச்சைக் காட்டில் ஒளிந்து வாழ வேண்டிய பிராணிக்கு நெருப்பைப் போன்ற செம்மஞ்சள் நிறம் எதற்கு? விடை மானின் கண்ணில் இருக்கிறது. நம் விழித்திரையில் நிறத்தை உணரும் மிக நுண்ணிய அணுக்கள் உள்ளன. வடிவத்தை வைத்து அவற்றைக் கூம்பணுக்கள் என்பார்கள். மனிதனுக்கு அவை மூன்று வகை. ஆகவே பச்சையும் சிவப்பும் நமக்கு வெவ்வேறாகத் தெரிகின்றன. மானுக்கு உள்ளவை இரண்டே வகை. ஒன்று நீலத்தின் பக்கத்தையும், மற்றொன்று பச்சையும் மஞ்சளும் அடங்கிய பக்கத்தையும் உணரும். பச்சைக்கும் செம்மஞ்சளுக்கும் உள்ள பேதம் அதன் கண்ணுக்கு ஏறக்குறைய இல்லை. நமக்குத் தீப்பிழம்பாகத் தோன்றும் புலி, மானுக்குப் புல்லின் நிறத்திலேயே, கோடுகளால் உருவம் சிதறுண்டு, நிழலும் தண்டுமாகக் கலந்துபோய்விடுகிறது. பாலூட்டிகளின் ரோமத்தில் உண்டாகக்கூடிய வர்ணங்கள் கருமையும் பழுப்பும் ஒருபுறமும், செம்மையும் மஞ்சளும் மறுபுறமுமாக அமைந்தவையே. பச்சை ரோமம் விளைவிக்க அவற்றின் உடம்பில் வழியில்லை. மானின் கண்ணைப் பொறுத்தவரை பச்சைக்குப் பதிலாகச் செம்மஞ்சளே போதுமானதாக இருக்கிறது.

ஆனால் அந்தக் காட்டில் மானின் கண் மட்டுமா இருக்கிறது? சால் மரத்தின் உச்சியில் அமர்ந்து தளிர் தின்னும் அனுமன் மந்தியும் நம்மைப் போலவே மூவகைக் கூம்பணு உடையது. கருமுகமும் நீண்ட வாலுமுடைய அந்தக் குரங்குக்குப் புலி செம்மஞ்சளாகவே தெரியும். அதுவும் உயரத்திலிருந்து, புல்லின் மறைப்பின்றித் தெரியும். புலியை மந்தி கண்டுவிட்டால், தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது போன்ற, கரகரத்த, இருமலை ஒத்த குரலில் கத்தத் தொடங்கும். கீழே மேய்ந்துகொண்டிருக்கும் புள்ளிமான்கள் அனைத்தும் தலையை நிமிர்த்தும். மந்தி உண்ணும்போது கீழே சிந்தும் தளிரும் கனியும் மானுக்கு ஆகாரமாகின்றன. புல் உலர்ந்துபோகும் மாதங்களில் மந்தி இருக்கும் மரத்தடியை மான்கள் தேடி வருகின்றன. பால் நியூட்டன் என்பவர் 1980-களில் இதே கானாவில் இந்தச் சகவாசத்தைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார். தன்னால் காண முடியாத நிறத்தை இன்னொரு ஜாதிப் பிராணியின் கண்ணைக் கொண்டு கண்டுகொள்ளும் இந்த ஏற்பாடு, இயற்கையில் நான் அறிந்த விஷயங்களுள் மிகவும் வியப்புக்குரியவற்றில் ஒன்று.

தனியே நிற்கும் கடமானின் சாட்சியம்

மான் கூவுவது ஏன் என்ற வினாவுக்கு முதலில் தோன்றும் சமாதானம், அது தன் இனத்தாரை எச்சரிக்கிறது என்பது. கூவுவதால் தனக்குச் சிறிது ஆபத்து நேர்ந்தாலும், அருகிலுள்ள தன் குட்டியும் உடன்பிறந்தாரும் பிழைத்தால், அவர்கள் வழியாகத் தன் வம்சம் தொடரும். இத்தகைய தியாகம் எந்த நிபந்தனையில் இயற்கைத் தேர்வினால் நிலைபெறும் என்பதை 1964-ல் டபிள்யூ. டி. ஹாமில்ட்டன் கணித முறையில் நிறுவினார். ஹாமில்ட்டனின் கருத்து உயிரியலில் ஒரு மகத்தான வெளிச்சம் என்பதில் ஐயமில்லை. மந்திக் கூட்டத்துக்கும் அது பெருமளவு பொருந்தலாம். ஆனால் கானாவின் மான்களிடம் அதை அப்படியே பொருத்திப் பார்த்தால் இரண்டு இடங்களில் இடறுகிறது.

புள்ளிமான் மந்தைகள் நிலையான குடும்பங்கள் அல்ல; காலையில் சேர்ந்தவை மாலையில் பிரிந்து வேறு மந்தைகளோடு கலக்கின்றன. பக்கத்தில் மேயும் மான் உறவா அயலா என்பது நிச்சயமில்லாத கூட்டத்தில் உறவுக்காகத் தியாகம் செய்தல் என்பது பலவீனமான விளக்கம். அதனினும் பெரிய இடறல் கடமான். மிளா என்றும் வழங்கும் இந்தப் பெரிய மான், அடர்ந்த காட்டில் தனியாகவோ, தாயும் குட்டியுமாகவோதான் பெரும்பாலும் இருக்கும். சுற்றிலும் இனத்தார் ஒருவரும் இல்லாத ஒற்றை ஆண் கடமான், புலியைக் கண்டதும், ஓடி ஒளியாமல், வாலை உயர்த்தி, முன்காலால் தரையை ஓங்கித் தட்டி, வெண்கலத்தை அடித்தது போன்ற உரத்த குரலில் மீண்டும் மீண்டும் முழங்குகிறது. கேட்பதற்கு உறவினர் யாருமில்லாத இடத்தில் அது யாரிடம் சொல்கிறது?

அங்கே அதன் எதிரில் இருப்பது ஒரே ஒரு ஜீவன், அது புலி. மான் புலியிடமே சொல்கிறது என்று கொண்டால் குழப்பமெல்லாம் தெளிகிறது.

இதைப் புரிந்துகொள்ளப் புலியின் தேகத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண்புலி இருநூறு கிலோகிராம் அளவுக்கு எடை உள்ளது. தோளிலும் முன்காலிலும் அபார பலம். ஆனால் அந்தப் பளுவைச் சுமந்துகொண்டு நெடுந்தூரம் ஓடும் சக்தி அதற்கு இல்லை. செந்நாய் கூட்டமாகச் சேர்ந்து இரையை ஓடவிட்டுக் களைக்கச் செய்வது துரத்து வேட்டை. புலியினுடையது பதுங்கு வேட்டை. வயிறு தரையில் உராய, புதருக்குப் புதர் ஊர்ந்து, சில பாய்ச்சல்களில் எட்டும் தூரத்துக்கு வந்தபின்தான் அது வெளிப்படும். அப்படியும் இருபது முயற்சிகளில் ஒன்றுதான் பலிக்கும் என்று ஷாலர் மதிப்பிட்டார். அது நம்பியிருப்பது முழுவதும் மானின் அறியாமையை. “உன்னைப் பார்த்துவிட்டேன்” என்று மான் அறிவித்த அந்தக் கணத்தில் புலியின் மூலதனம் பறிபோகிறது. அதற்கு மேல் காத்திருப்பது வீண் காரியம். எழுந்து வேறிடம் போவதுதான் புலிக்கு லாபம். கூவிய மானுக்கும் அதுவே லாபம். மான் அங்குமிங்கும் ஓடியிருந்தால் மேய்ச்சலும் கெட்டு, புலி எங்கே போயிற்று என்ற தகவலும் தெரியாமற் போயிருக்கும். திறந்த வெளியில் புலி தன் பாட்டில் நடந்துபோகும்போது மான்கள் ஓடாமல், தகுந்த தூரத்தில் நின்று, அது மறையும் வரையில் அதன் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு கூவிக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். மானுக்கு அபாயம் கண்ணில் தெரியும் புலியன்று. எங்கே இருக்கிறது என்று தெரியாத புலிதான்.

ஆப்பிரிக்கக் காட்டில் நடந்த பரீட்சை

கேட்பதற்கு நன்றாயிருக்கும் விளக்கமெல்லாம் உண்மையாகிவிடாது. அதைப் பரீட்சித்துப் பார்க்க வழி வேண்டும். அந்தப் பரீட்சை இந்தியாவில் அல்ல, மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டின் தாய் என்னும் மழைக்காட்டில் நடந்தது. அங்கே மரத்தில் வாழும் குரங்குகளுக்குப் பகைவர் இரு வகை. சிறுத்தை பதுங்கியிருந்து பாயும். சிம்பன்ஸியோ கூட்டமாக மரத்தின் மேலேயே ஏறித் துரத்திப் பிடித்துத் தின்னும். கிளாவுஸ் சூபர்பூலரும் அவருடைய தோழர்களும் 1990-களில் கவனித்தது இது: சிறுத்தை இருப்பதாக உணர்ந்தால் குரங்குகள் உரக்கக் கத்துகின்றன, சிம்பன்ஸி வருவதாக உணர்ந்தால் சத்தமின்றி இலைகளுக்குள் ஒடுங்கிவிடுகின்றன. இனத்தாரை எச்சரிப்பது மட்டுமே நோக்கமானால் இரண்டு பகைக்கும் கத்தியிருக்க வேண்டும். கத்தினால் பின்வாங்கும் பகைவனிடம் கத்தி, கத்தினால் இடம் தெரிந்து வந்து பிடிக்கும் பகைவனிடம் மௌனம் சாதிக்கின்றன என்றால், அந்தக் குரல் பகைவனை உத்தேசித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? போதாததற்கு, கழுத்தில் ரேடியோப் பட்டை பூட்டிய சிறுத்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்ததில், குரங்குகள் கண்டுகொண்டு கத்தத் தொடங்கியதும் சிறுத்தை மறைவிடத்தை விட்டு எழுந்து போய்விடுவதும் தெரியவந்தது. 1999-ல் வெளியான இந்த முடிவு சிறுத்தையையும் குரங்கையும் பற்றியதுதான். எனினும் பதுங்கு வேட்டையாடும் புலிக்கும் கானாவின் மானுக்கும் இடையே நடப்பதைப் புரிந்துகொள்ள இதனினும் நல்ல வெளிச்சம் நமக்கு இல்லை.

ஒரு காலைப்பொழுதின் கணக்கு

இனி வழிகாட்டியிடம் வருவோம். அவர் செய்வது அனுமானம். புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பதை நம் நாட்டுத் தர்க்க நூல்கள் அனுமானத்துக்கு உதாரணமாகக் காட்டும். ஆனால் புகை உள்ள இடத்தில் நெருப்பு நிச்சயம் உண்டு. மான் கூவிய இடத்திலெல்லாம் புலி உண்டு என்று சொல்ல முடியாது. சிறுத்தையைக் கண்டும், செந்நாயைக் கண்டும் புள்ளிமான் கூவும். இளமான் ஒன்று வெறும் அசைவைக் கண்டு மிரண்டும் கூவும். இத்தகைய அரைகுறைச் சான்றுகளை எடைபோடுவது எப்படி? எண்களை வைத்துப் பார்த்தால் விளங்கும். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் கற்பித்துக்கொண்டவை. காட்டில் எண்ணிப் பார்த்தவை அல்ல.

ஓர் ஓடைக்கரையை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் காலைப்பொழுதுகளில் நூறில் அங்கே புலி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், தொள்ளாயிரத்தில் இல்லை. புள்ளிமான் எளிதில் கூவும் பிராணியாதலால், புலி இருக்கும் நூறு காலைகளில் எண்பதில் கூவிவிடும். புலி இல்லாத தொள்ளாயிரத்திலும், வேறு காரணங்களால், ஐந்தில் ஒன்றாக நூற்றெண்பதில் கூவும். ஆக மொத்தம் இருநூற்றறுபது காலைகளில் புள்ளிமானின் குரல் கேட்கும். அவற்றுள் புலி உள்ளவை எண்பதுதான். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்தக் குரலை நம்பி வண்டியைத் திருப்பும் வழிகாட்டி பெரும்பாலான காலைகளில் ஏமாந்தே திரும்புவார்.

கடமானோ சுலபத்தில் வாய் திறப்பதில்லை. புலி இருக்கும் நூறு காலைகளில் ஐம்பதில்தான் கூவுகிறது என்போம். ஆனால் புலி இல்லாத தொள்ளாயிரத்தில் இருபதே நாட்களில் கூவுகிறது. ஆக எழுபது காலைகளில் குரல் கேட்கும். அவற்றுள் ஐம்பதில் புலி உண்டு. பாதி நாட்கள் புலியைத் தவறவிடும் கடமான், புள்ளிமானைவிட எத்தனை உயர்ந்த சாட்சியாகிவிட்டது பாருங்கள்! ஒரு சாட்சியின் மதிப்பு, உண்மை நடந்தபோது அவன் எத்தனை முறை பேசினான் என்பதில் மட்டும் இல்லை. நடக்காதபோது எத்தனை முறை வாயை மூடிக்கொண்டிருந்தான் என்பதிலேதான் பெரிதும் இருக்கிறது. கடமான் பொய் சொல்லாது என்று இந்தியக் காடுகளில் வழிகாட்டிகள் சொல்லுவதன் கணிதம் இதுவே.

இதே எண்களிலிருந்து எதிர்பாராத இன்னொரு முடிவும் வருகிறது. புள்ளிமான் கூவாத காலைகள் எழுநூற்று நாற்பது. அவற்றுள் புலி இருப்பவை இருபது மட்டுமே, அதாவது முப்பத்தேழில் ஒன்று. கடமான் கூவாத காலைகள் தொள்ளாயிரத்து முப்பது. அவற்றுள் ஐம்பதில், அதாவது ஏறத்தாழப் பத்தொன்பதில் ஒன்றில், புலி இருக்கிறது. ஆகவே கூவினால் கடமானையும், கூவாவிட்டால் புள்ளிமானையும் அதிகம் நம்ப வேண்டும். புள்ளிமான் மந்தை கவலையின்றி மேய்ந்துகொண்டிருக்கும் புல்வெளியை அனுபவசாலியான வழிகாட்டி நிற்காமல் கடந்துபோவது இதனால்தான்; பிரயாணிகள் அங்கே படம் எடுக்க விரும்பினாலன்றி அவர் அங்கே நேரம் கழிப்பதில்லை.

இரண்டு குரலும் சேர்ந்து கேட்டால்? புள்ளிமான் கூவிய எண்பது புலிக் காலைகளில் கடமானும் கூவுவது பாதி, நாற்பது. புலியின்றிப் புள்ளிமான் கூவிய நூற்றெண்பதில், கடமானும் அதே விகிதத்தில் தவறினால், நான்குதான். நாற்பத்துநான்கில் நாற்பது! வழிகாட்டி தயங்காமல் வண்டியைத் திருப்பலாம். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இரு சாட்சிகளும் ஒருவரையொருவர் கேட்காமல் தனித்தனியே கண்டு சொன்னால்தான் இந்தக் கணக்குச் செல்லும். மந்தியின் குரலைக் கேட்டுப் புள்ளிமான் கூவினால் அவை இரண்டு சாட்சிகள் ஆகா; ஒரே சாட்சியின் எதிரொலி. சிறுத்தை வந்த நாளில் இரண்டு மானும் ஒன்றாகத் தவறக்கூடும். அதனால் அந்த நான்கு, பதினைந்தாகிவிட்டால், பதினொன்றில் பத்தாக இருந்த நம்பிக்கை பதினொன்றில் எட்டாக இறங்கிவிடும். வேறு வேறு இடங்களிலிருந்து, சற்று நேர இடைவெளியில் வரும் குரல்களுக்கு வழிகாட்டிகள் தனி மதிப்புக் கொடுப்பது இதை அறிந்தே.

குரல் வரும் திசையும் முகம் நோக்கும் திசையும்

இடைவெளியோடு வரும் குரல்கள் இன்னொன்றையும் தெரிவிக்கின்றன. அதுதான் தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு விடை. மேட்டில் மந்தி கத்தியது. சில நிமிஷங்களுக்குப் பின் அதற்குக் கிழக்கே புள்ளிமான் கூவிற்று. பின்னர் மந்தி ஓய்ந்து, இன்னும் கிழக்கே ஓடைப் பள்ளத்தில் கடமான் முழங்கிற்று என்றால், புலி மேட்டிலிருந்து இறங்கிக் கிழக்கே நடக்கிறது என்பது வெளிப்படை. அந்தப் பள்ளம் சாலையை எங்கே வெட்டுகிறது என்று அறிந்தவனுக்கு, காத்திருக்க வேண்டிய இடம் தெரிந்துவிடும். மான்கள் கண்ணில் படும்படி நின்றால் இன்னும் வசதி. புலியைக் கண்ட மான் அதன் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு, இரு காதையும் முன்னே விறைத்து நிற்கும். வெவ்வேறு இடத்தில் நிற்கும் இரண்டு மான்களின் பார்வைக் கோடுகள் எங்கே சந்திக்கின்றனவோ, அந்தப் புதரில் புலி இருக்கிறது. நடந்துகொண்டேயிருந்த குரல் ஓரிடத்தில் நின்று, பிறகு படிப்படியாக அடங்கினால், புலி படுத்துவிட்டது என்று கொள்வார்கள்.

இந்த வித்தையைக் கானாவில் வழிகாட்டிகளாக இருக்கும் பைகர், கோண்டு என்னும் பழங்குடியினர் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அவர்களுடைய மூதாதையர் அந்தக் காட்டிலேயே வாழ்ந்தவர்கள். இன்று மான்கள் மேயும் சோன்ஃப் முதலிய புல்வெளிகள் ஒருகாலத்தில் ஊர்களும் வயல்களுமாக இருந்தவை. காப்பகத்துக்காக அந்த ஊர்கள் வெளியே மாற்றப்பட்டன. புல்வெளி பெருகியதனால் பலன் அடைந்த பிராணிகளும் உண்டு. 1970-ல் அறுபத்தாறாகக் குறைந்துபோயிருந்த பாரசிங்கா மான் மீண்டும் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் நிலத்தை விட்டுக் கொடுத்தவர்களின் அறிவு இன்று வண்டியின் முன்னிருக்கையில் அமர்ந்திருக்கிறது என்பதைப் பின்னிருக்கைகளில் அமர்ந்திருப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அந்த அறிவு பயன்பட வேண்டுமானால் எஞ்சின் நிற்க வேண்டும். பேச்சும் நிற்க வேண்டும். ஒரு குரலைக் கேட்டதும் பத்து வண்டிகள் பரபரவென்று ஒரே இடத்துக்கு விரைந்து முட்டிக்கொண்டு நிற்கும் வழக்கம், அடுத்த குரலைக் கேட்கவொட்டாமல் செய்கிறது. அதைவிட முக்கியமாக, புலியின் பாதையையும் அடைத்துவிடுகிறது.

குரல் சொல்லாத ஒன்று

மானின் குரல் புலி இருக்கிறது என்று சொல்லும். எந்தப் புலி என்று சொல்லாது. ஒரே ஓடையில் ஒரு வாரத்தில் ஐந்து முறை கேட்ட குரல் ஒரு புலியினாலா, மூன்று புலிகளினாலா என்பதைக் காதினால் தீர்மானிக்க வழியில்லை. வனத்தில் எத்தனை புலிகள் உள்ளன என்று அறிய வேண்டியவர்களுக்கு இது பெரிய குறை. ஒரிசாவின் வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி 1960-களில் வகுத்த முறைப்படி, சுவடுகளைக் கண்ணாடியில் வரைந்து ஒப்பிட்டுப் புலிகளை எண்ணும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. அந்தக் கணக்கின்படி ஏட்டில் புலிகள் இருந்த ராஜஸ்தானத்துச் சாரிஸ்காவில் உண்மையில் ஒரு புலியும் மிஞ்சவில்லை என்று 2005-ல் வெளிப்பட்டபோது, அம்முறையில் இருந்த நம்பிக்கை தகர்ந்தது.

அதற்கு மாற்று ஏற்கனவே தயாராக இருந்தது. புலியின் கோடுகள் ஒன்றுக்கு இருப்பது போல் மற்றொன்றுக்கு இருப்பதில்லை. இதைக் கொண்டு, தானே படம் பிடிக்கும் காமிராக்களைச் சாலையோரத்தில் கட்டிப் புலிகளைத் தனித்தனியாக இனங்கண்டு, படத்தில் அகப்பட்டவற்றிலிருந்து அகப்படாதவற்றையும் மதிப்பிடும் முறையைக் கர்நாடகத்து நாகரஹொளேயில் உல்லாஸ் கரந்த் 1990-களில் வளர்த்தெடுத்தார். 2018-ல் இந்தியா முழுவதும் நடந்த கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் காமிராக்கள் வைக்கப்பட்டன. கிடைத்த படங்கள் 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல்; அவற்றுள் புலி விழுந்தவை 76,651, அதாவது ஏறத்தாழ 450 படங்களுக்கு ஒன்று. அவற்றிலிருந்து 2,461 தனித்தனிப் புலிகள் இனங்காணப்பட்டன. நாட்டின் மொத்தத் தொகை 2,967 என மதிப்பிடப்பட்டது. ஒரே புலியின் வலப்பக்கக் கோடும் இடப்பக்கக் கோடும்கூட ஒன்று போல் இராததால், ஒவ்வோர் இடத்திலும் சாலையின் இருபுறமும் எதிரெதிராக இரண்டு காமிராக்கள் கட்ட வேண்டியிருக்கிறது. கருவிலேயே இந்தக் கோடுகள் எவ்வாறு தோன்றுகின்றன, ஏன் ஒன்று போல் மற்றொன்று அமைவதில்லை என்பதை அடுத்த அத்தியாயத்தில் ஆராய்வோம்.